வராத பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பல்

என் அக்கா மகனுக்கு ஏழு வயதில் மேல் முன்பற்கள் இரண்டும் ஒரே மாதத்தில் விழுந்தன. வழக்கப்படி பாட்டி அவற்றைச் சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறியச் சொன்னார். எங்கள் வீட்டில் கூரை ஏது? மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. நாலு மாதத்தில் வலப்பக்கப் பல் எட்டிப் பார்த்தது. இடப்பக்கம் வரவில்லை. "எறிஞ்ச எறி சரியில்லை" என்று பாட்டி சிரித்தார். பள்ளி ஆண்டு விழாப் படத்தில் ஒற்றைப் பல்லோடு சிரித்தான். அடுத்த ஆண்டு விழாப் படத்திலும் அதே ஒற்றைப் பல். அதற்குள் அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் முளைத்த சின்ன வெட்டுப்பல் சாய்ந்து வந்து பாதி இடத்தைப் பிடித்துவிட்டது.

முதலில் போன கிளினிக்கில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வரும், காத்திருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வரவேண்டிய பல் ஈறுக்குள் தயாராகத்தான் இருந்தது. அதை இறங்க விடாமல், அண்ணத்துப் பக்கமாகக் குட்டிப் பீப்பாய் போல இன்னொரு பல் உட்கார்ந்திருந்தது.

"ஒரு பல் குறையுதுன்னு வந்தோம், ஒண்ணு அதிகம்னு சொல்றீங்களே டாக்டர்!" என்றாள் அக்கா. கூடுதல் பல் என்றாலே வாய் நிறையப் பல்லை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். குழந்தைகளிடம் அது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. வெளியே தெரிவது, வராமல் போன வேறொரு பல்லின் காலி இடம்தான்.

முதலில் கணக்கு. பால்பற்கள் மேலே 10, கீழே 10, ஆக 20. ஏறக்குறைய மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். நிரந்தரப் பற்கள் ஞானப்பற்களையும் சேர்த்து 32. இந்தக் கணக்குக்கு மேல் வருவதெல்லாம் கூடுதல் பல். நிரந்தரப் பற்களில் இது நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்கு இருக்கும். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பத்துப் பேருக்காவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பால்பற்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நிரந்தரப் பற்களைப் பொறுத்தவரை பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை மேல்தாடையில், அதுவும் முன்பக்கத்தில்தான் வருகின்றன.

கூடுதல் பல் என்று நினைத்துப் பெற்றோர் ஓடிவருவது பெரும்பாலும் வேறு ஒன்றுக்காக. ஆறு வயதில் பிள்ளையின் கீழ்த்தாடையைப் பார்த்தால், பால்பல் விழாமல் நிற்க, அதன் பின்னால் நாக்குப் பக்கமாகப் புதுப்பல் முளைத்திருக்கும். சுறா மீன் போல இரண்டு வரிசை. "பல்லுக்குப் பின்னாடி பல்லு!" என்று வீடே பதறும். அது கூடுதல் பல் அல்ல. வரவேண்டிய நிரந்தரப் பல்தான், பழையது காலி செய்வதற்குள் குடிவந்துவிட்டது. பால்பல் ஆடி விழுந்ததும் நாக்கு தள்ளித் தள்ளியே பெரும்பாலும் புதுப்பல்லை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். பால்பல் கொஞ்சமும் ஆடாமல் மாதக்கணக்கில் நின்றால் மட்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

சிங்கப்பல்லும் அப்படித்தான். சிரிக்கும்போது ஓரத்தில் மேலேறித் தெரியும் அந்தப் பல் அதிர்ஷ்டம் என்பார்கள், அழகு என்பார்கள். உண்மையில் அது இடம் கிடைக்காத கோரைப்பல். முன்பற்களுக்கும் முன்கடைவாய்ப் பற்களுக்கும் பிறகு கடைசியாக வருவதால், வரிசையில் இடமில்லாமல் ஈறின் மேலேயே நின்றுவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். மேல் முன்பற்களுக்கு நடுவே ஏழெட்டு வயதில் தெரியும் இடைவெளியும் பெரும்பாலும் இயல்பானதே. கோரைப்பற்கள் இறங்கும்போது, பதினொன்று பன்னிரண்டு வயதில், தானாக மூடிக்கொள்ளும். பிறக்கும்போதே பல்லோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அதைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைகளை ஒதுக்கிவிடலாம். அந்தப் பல்லும் பெரும்பாலும் அவசரமாக வந்துவிட்ட சாதாரணப் பால்பல்தான். உண்மையிலேயே கூடுதலாக இருப்பது பத்தில் ஒன்றுதான். அதனால் யாரோ சொன்னார்கள் என்று அதைப் பிடுங்கிவிடக் கூடாது. ரொம்ப ஆடி, குழந்தை விழுங்கிவிடும் அபாயம் இருந்தாலோ, நாக்கின் அடியில் புண் ஆக்கினாலோ, எடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

சரி, உண்மையான கூடுதல் பல் எங்கிருந்து வருகிறது?

கரு ஆறு வாரமாக இருக்கும்போது, தாடை உருவாகப்போகும் இடத்தில் ஒரு மெல்லிய செல் பட்டை தோன்றுகிறது. கொடியில் மொட்டு விடுவது போல அந்தப் பட்டையில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மொட்டு விடும். மொட்டு பல்லாக வளரும், வேலை முடிந்ததும் பட்டை சிதைந்து மறைந்துபோகும். சிலருக்கு அது அளவுக்கு மீறி மொட்டு விடுகிறது, அல்லது மறைய வேண்டிய பட்டையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்து பிறகு பல்லாகிறது. ஒரு மொட்டே இரண்டாகப் பிரிந்துவிடுவதும் உண்டு என்று கருதுகிறார்கள். ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதால் பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. கர்ப்பத்தில் அம்மா எதைச் சாப்பிட்டார், கிரகணத்தன்று வெளியே வந்தாரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அக்காவுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கிளைக்கதை உண்டு. எலிகளின் உடலில் பல் வளர்ச்சிக்குப் பிரேக் போடும் யூசாக்-1 என்ற புரதம் இருக்கிறது. அதைத் தரும் மரபணுவை முடக்கினால் எலிக்குக் கூடுதல் பல் முளைக்கிறது. பிரேக்கை எடுத்தால் கூடுதல் பல் வரும் என்றால், பல்லே இல்லாதவருக்குப் பிரேக்கை எடுத்துப் பார்த்தால் என்ன என்று ஜப்பானில் கியோட்டோ ஆய்வாளர்கள் யோசித்தார்கள். அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்தை 2024-இல் பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் முதல் கட்டச் சோதனை கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியது. ஒருவருக்குத் தொல்லையான பல், இன்னொருவருக்குப் பல் முளைக்க வைக்கும் வழியைக் காட்டுகிறது.

கூடுதல் பற்கள் எல்லாம் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. வடிவத்தைப் பொறுத்துத்தான் அது செய்யும் தொந்தரவும் மாறும். மிக அதிகமாகக் காணப்படுவது மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே வரும் பல். பெரும்பாலும் கூம்பு வடிவம், ஆணி முனை போல இருக்கும். இது சில நேரம் தானே வெளியே வந்துவிடும், அப்போது கண்ணாடியிலேயே தெரியும். சில நேரம் தலைகீழாக, முனை மூக்கைப் பார்த்தபடி எலும்புக்குள் கிடக்கும். அபூர்வமாக மூக்கின் தரைக்குள்ளேயே முளைத்துவிடுவதும் உண்டு.

அடுத்தது பீப்பாய் வடிவம், அக்கா மகனுக்கு வந்தது. முனையில் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும், வேர் தாமதமாக வளரும், பெரும்பாலும் வெளியே வரவே வராது. முன்பல்லின் அண்ணத்துப் பக்கம் ஒன்றாகவோ ஜோடியாகவோ உட்கார்ந்துகொள்ளும். முன்பல்லை வரவிடாமல் தடுப்பதில் இதுதான் முதல் குற்றவாளி.

மூன்றாவது, பக்கத்துப் பல்லின் நகல் போலவே இருக்கும் பல். பால்பற்களில் வரும் கூடுதல் பல் பெரும்பாலும் இந்த ரகம்தான். வரிசையில் ஒழுங்காக நிற்பதால் எண்ணிப் பார்த்தாலொழிய தெரியாது. ஆனால் எண்ணிப் பார்ப்பது வீண் வேலை அல்ல. பால்பற்களில் கூடுதல் இருக்கும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை நிரந்தரப் பற்களிலும் கூடுதல் வரும். மூன்று வயதில் கிடைத்த அந்த எச்சரிக்கை ஏழு வயதில் கைகொடுக்கும். கடைவாய்ப் பக்கமும் கூடுதல் பல் வருவதுண்டு, ஞானப்பல்லுக்கும் பின்னால் நாலாவதாக ஒன்று முளைப்பவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் பெரியவர்களின் கதை.

கடைசியாக ஒரு ரகம். பல் என்று சொல்வதா கட்டி என்று சொல்வதா என்ற எல்லைக்கோட்டில் இருப்பது இது. பெயர் ஓடோன்டோமா. பல்லின் எனாமல், அதன் உள்ளடுக்கு எல்லாம் இருக்கும், ஆனால் ஒழுங்கான ஒரு பல்லாக இல்லாமல் குட்டிக் குட்டிப் பற்களின் மூட்டையாகவோ உருவமற்ற திரளாகவோ இருக்கும். புற்றுநோய் அல்ல. சென்னையில் 2019 ஜூலையில் உலகச் செய்தியான சம்பவம் இதுதான். ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வலது கீழ்த்தாடையில் வீக்கம். மூன்று வயதிலேயே பெற்றோர் கவனித்திருக்கிறார்கள், ஆனால் அப்போது பையன் சோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை செய்து, ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள ஒரு பையை வெளியே எடுத்தார்கள். அதைப் பிரித்து எண்ணியதில் 526 குட்டிப் பல்லமைப்புகள். எண்ணுவதற்கே பல மணி நேரம் ஆனது. "526 பற்களுடன் சிறுவன்" என்ற தலைப்புகளைப் பார்த்தவர்கள் அவன் வாயில் அத்தனை பல் வரிசையாக நின்றதாக நினைத்தார்கள். அவை எல்லாம் ஒரே பைக்குள் இருந்தவை, மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்குகளும் அதில் அடக்கம். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2014-இல், மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயது இளைஞரின் தாடையிலிருந்து இதேபோல் 232 எடுத்தார்கள். இவை விதிவிலக்குகள். சாதாரணமாக ஒரு பிள்ளைக்கு ஒன்றோ இரண்டோதான் கூடுதலாக இருக்கும்.

எண்ணிக்கை அதிகமாக, பல இடங்களில் இருந்தால் மட்டும் மருத்துவர் வாயைத் தாண்டி யோசிப்பார். கழுத்தெலும்பு சரியாக வளராத ஒரு பிறவிக் கோளாறு உண்டு. அந்தப் பிள்ளைகளால் இரண்டு தோள்களையும் மார்புக்கு முன்னால் நெருக்கிக் கொண்டுவர முடியும். அவர்களுக்குப் பால்பல் விழாமல் அப்படியே நிற்க, எலும்புக்குள் நிறையக் கூடுதல் பற்கள் அடைந்து கிடக்கும். குடலில் கட்டிகள் வரும் கார்ட்னர் நோய்க்குறி இன்னொன்று. அந்தக் கட்டிகள் பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடியவை, அதனால் பல்லில் கிடைக்கும் துப்பு உயிரைக் காப்பாற்றலாம். உதடு, அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்குப் பிளவை ஒட்டிக் கூடுதல் பல் வருவது சகஜம். மற்றபடி, ஒரே ஒரு கூடுதல் பல் இருக்கும் நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு இந்த நோய்களையெல்லாம் தேடிப் பயப்பட வேண்டியதில்லை.

இனி, அது செய்யும் கெடுதல். முதலாவதும் முக்கியமானதும் வழிமறிப்பு. மேல் நடுப்பற்கள் இரண்டும் பொதுவாக ஏழெட்டு வயதில் வரும், அவற்றின் பக்கத்துச் சின்ன வெட்டுப்பற்கள் எட்டு ஒன்பது வயதில். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது. ஒரு பக்க நடுப்பல் வந்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்தில் வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடுப்பல்லுக்கு முன்னால் அதன் பக்கத்துப் பல் முந்திக்கொண்டு வந்துவிட்டாலும் எடுக்க வேண்டும். அக்கா மகன் விஷயத்தில் இந்த இரண்டு அறிகுறியும் இருந்தன. எங்களுக்குத்தான் தெரியவில்லை. "சில பிள்ளைகளுக்கு லேட்டாத்தான் வரும்" என்பது உண்மைதான், ஆனால் லேட் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து லேட்டாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லேட் என்றால் சந்தேகப்பட வேண்டும்.

பல் வராவிட்டால் என்ன, முன்பல்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. காலி இடத்தைப் பக்கத்துப் பற்கள் விட்டுவைப்பதில்லை, இரண்டு பக்கமும் சாய்ந்து நெருங்கிவிடும். அப்புறம் பல்லுக்கு வழி கிடைத்தாலும் இறங்க இடம் இருக்காது. இடத்தை மறுபடி திறக்கவே கிளிப் போட வேண்டியிருக்கும், சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீளும். பள்ளிக்கூடத்தில் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தான் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வழியை முழுக்க அடைக்காத கூடுதல் பல் வேறு விதமாகத் தள்ளும். முன்பல் திருகிக்கொண்டு வரும், அல்லது இரண்டு முன்பற்களுக்கும் நடுவே பெரிய சந்து விழும். கோரைப்பற்கள் வந்த பிறகும் அந்தச் சந்து மூடாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடுதல் பல் வெளியே வந்துவிட்டால் நெரிசல், நெரிசலில் பிரஷ் புகாத மூலைகள், அங்கே சொத்தை. எலும்புக்குள் புதைந்தே இருக்கும் பல்லைச் சுற்றிச் சில நேரம் நீர்க்கட்டி உருவாகும். மிக அரிதாகப் பக்கத்துப் பல்லின் வேரைக் கரைத்துவிடுவதும் நடக்கும். ஒரு தொந்தரவும் செய்யாமல் ஆயுள் முழுக்கச் சும்மா கிடக்கும் கூடுதல் பற்களும் ஏராளம். வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாக அகப்படுபவை அவை.

எக்ஸ்ரேயில் ஒரு சிக்கல் உண்டு. படம் தட்டையானது. கூடுதல் பல் முன்பல்லின் மேல் நிழலாக விழும், ஆனால் அது உதட்டுப் பக்கம் இருக்கிறதா, அண்ணத்துப் பக்கமா? எந்தப் பக்கம் ஈறைத் திறப்பது என்பது இதைப் பொறுத்தது. இதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது சாலையோரப் புளியமரம் பின்னால் ஓடும், நிலா நம்மோடு கூடவே வரும். எக்ஸ்ரே குழாயைப் பேருந்தில் போகும் நம் கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் எடுத்துவிட்டு, குழாயைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் எடுப்பார்கள். கூடுதல் பல்லின் நிழல் குழாய் போன திசையிலேயே கூட நகர்ந்திருந்தால் அது நிலா, அதாவது உள்ளே தள்ளி அண்ணத்துப் பக்கம். எதிர்த்திசையில் நகர்ந்திருந்தால் புளியமரம், உதட்டுப் பக்கம். இதிலும் தெளிவு கிடைக்காதபோதோ, பல் ஆழத்தில் சிக்கலாகக் கிடக்கும்போதோ, முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். குழந்தைகளுக்கு அதன் கதிர்வீச்சு சாதாரணப் பல் எக்ஸ்ரேயைவிட அதிகம் என்பதால், எடுத்த எடுப்பில் ஸ்கேன் கேட்டால் ஏன் என்று விசாரிப்பதில் தவறில்லை.

கண்டுபிடித்தாயிற்று, எடுத்துவிட வேண்டியதுதானே? எல்லா நேரமும் இல்லை. யாரையும் தடுக்காமல், கட்டி எதுவும் இல்லாமல் கிடக்கும் பல்லை அவ்வப்போது எக்ஸ்ரேயில் கண்காணித்துக்கொண்டு விட்டுவிடலாம். நகல் போன்ற இரண்டு பற்களில் ஒன்றை எடுப்பதென்றால், எது வடிவம் மோசம், எது இடம் தவறி நிற்கிறது என்று பார்த்து அதை எடுப்பார்கள். வழியை மறிக்கும் பல்லை எடுத்தே ஆக வேண்டும், கேள்வி எப்போது என்பதுதான். ஐந்து வயதில் எடுத்தால் முன்பல் தானாக இறங்க நல்ல வாய்ப்பு, ஆனால் அப்போது அதன் வேர் வளர்ந்துகொண்டிருக்கும், கருவி பட்டுவிட்டால் சேதம். வேர் வளரட்டும் என்று பத்து வயது வரை காத்திருந்தால் அந்த ஆபத்து குறையும், ஆனால் இடம் பறிபோகும், பல் தானாக இறங்கும் உத்வேகமும் குறையும். மருத்துவர்களிடையே இதில் இரண்டு கட்சி உண்டு. பொதுவான நடைமுறை, பல் வரவேண்டிய வயது வந்தும் வழி மறிக்கப்பட்டிருப்பது உறுதியானால் தள்ளிப் போடாமல் எடுப்பது. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

ஒத்துழைக்கும் பிள்ளைக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுப்பார்கள். சின்னக் குழந்தை என்றாலோ பல் ஆழத்தில் இருந்தாலோ முழு மயக்கம் கொடுப்பார்கள். ஈறை விலக்கி, எலும்பைக் கொஞ்சம் நீக்கிப் பல்லை எடுத்துவிட்டுத் தையல் போடுவார்கள். இரண்டு மூன்று நாள் வலி, வீக்கம் இருக்கும். குழைந்த தயிர் சாதம், ஆறிய இட்லி, டாக்டர் அனுமதித்த ஐஸ்கிரீம் (இந்தக் கடைசி ஐட்டத்துக்காகவே பையன் சம்மதித்தான்). எடுத்த பல்லைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அதையும் சாணியில் பொதிந்து எறிவதா என்று பாட்டியிடம் கேட்டோம். ரொம்ப யோசித்துவிட்டு, "வேணாம், இது மறுபடியும் முளைச்சிடப் போவுது" என்றார்.

எடுத்த மறுநாளே முன்பல் வந்துவிடாது. இடம் போதுமான அளவு இருந்தால் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது தானாக இறங்குகிறது, ஆனால் ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் பிடிக்கலாம். அதற்குள் இடம் சுருங்காமல் பார்த்துக்கொள்ளக் கம்பி போட வேண்டி வரும். வரவே இல்லை என்றால் ஈறைத் திறந்து பல்லின்மேல் ஒரு சின்னப் பிடியை ஒட்டி, அதில் மெல்லிய சங்கிலி கோர்த்து, கிளிப்போடு கட்டி மெல்ல மெல்ல இழுத்துக் கொண்டுவருவார்கள். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் இழுவிசை மிகக் குறைவு. இந்த வேலைகளுக்குக் குழந்தைகள் பல் மருத்துவர், கிளிப் போடும் நிபுணர், அறுவை நிபுணர் மூவரும் சேர்ந்து திட்டம் போட வேண்டும். மூவரும் ஒரே கட்டடத்தில் கிடைப்பதால் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இதற்கு வசதி.

அக்கா மகனுக்குச் சங்கிலி தேவைப்படவில்லை. சாய்ந்த பல்லை நகர்த்த எட்டு மாதம் கம்பி, அதற்குள் வராமல் இருந்த முன்பல்லும் தலைகாட்டிவிட்டது. கொஞ்சம் கோணல்தான். கடைசிச் சந்திப்பில் மருத்துவர் அவன் தங்கையையும் அழைத்துவரச் சொன்னார், குடும்பத்தில் வரும் என்பதால். அவளுக்கு இப்போது ஐந்து வயது, நாற்காலியில் ஏறியதும் தானே வாயை 'ஆ' என்று திறந்தாள். மேலே பத்து, கீழே பத்து, கணக்குச் சரி. முதல் பல் ஆடத் தொடங்கும் நாளை நாள்காட்டியில் குறித்துவைக்கச் சொல்லி அனுப்பினார்.